நூறு நாள் வேலையா, கட்டணமில்லா பஸ்ஸா: பெண்களுக்கு எது கைகொடுக்கிறது?

பெண்கள் சம்பாதிக்க அரசு இரண்டு விதமாக உதவலாம். வேலையை ஊருக்குக் கொண்டுவரலாம். இல்லை, வேலை இருக்கும் இடத்துக்கு அவர்களைக் கொண்டுபோகலாம். தமிழ்நாடு இரண்டையும் பார்த்துவிட்டது.

2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் முதல் வகை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வேலைத்தளம் 5 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் 10 சதவீதம் கூடுதல். கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாத நாட்களுக்குப் படி கொடுக்க வேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காவது என்றது சட்டம். இங்கே ஏரி வேலைக்கு மண்வெட்டியும் சட்டியுமாக வருகிறவர்களில் 85 சதவீதத்துக்கு மேல் பெண்கள்தான். அறுபதைத் தாண்டியவர்கள், கணவனை இழந்தவர்கள் அதில் நிறைய. இவர்களை வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறிவிட்டது என்று நிலக்காரர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அந்த ஏற்றத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை. குறை வேறு: நாடு முழுக்கச் சராசரி வீட்டுக்கு 50 நாளை ஒட்டியே நின்றது, கூலியும் வாரக்கணக்கில் இழுத்தடிக்கும்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசமானது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்றது மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு. பத்தாயிரம் சம்பளத்துக்கு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கும் பெண்ணுக்கு இது பெரிய பணம். அதைவிட முக்கியம், பஸ் காசுக்கு வீட்டில் யாரிடமும் கை நீட்டாமல் நாலு இடம் போய் வேலை விசாரிக்கலாம். ஆனால் காலையும் மாலையும் மட்டும் பஸ் வரும் ஊரில் இந்தச் சலுகை ஏட்டளவில்தான். ஒன்பது மணிக்குக் கடை சாத்தும்போது கடைசி பஸ் போயிருந்தாலும் அப்படித்தான். தூரத்து எக்ஸ்பிரஸ் வண்டிகளில் காசு கொடுத்தே ஆக வேண்டும்.

படித்த இளம்பெண்ணுக்கு நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். டிரிப்பைக் கூட்டினால் பலன் இன்னும் கூடும். ஊரை விட்டு நகர முடியாதவளுக்கு அது பதில் ஆகாது. நூறு நாள் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் வேலை என்கிறது. கூடவே விதைப்பு, அறுப்புக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் சொல்கிறது. வயலில் வேலை மும்முரமாக நடக்கும் அந்த நாட்களில் இளவயது ஆட்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். முட்டி தேய்ந்த கிழவிக்கு அந்த 60 நாளும் கூலி கிடையாது.