புகையடிப்பதா, பீலியைத் துப்புரவாக்குவதா?

தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கிச் சில வாரங்கள் கழிந்ததும், கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளின் முகாமைத்துவக் குழுக்களில் தவறாமல் எழும் கேள்வி, நுளம்புக்குப் புகையடிக்க ஆளை அழைப்பதா, அந்தப் பணத்தைத் துப்புரவுப் பணிக்குச் செலவிடுவதா என்பதாகும். 2017 இல் நாடெங்கும் 1,86,000 க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகியபோது கொழும்பு மாவட்டமே முன்னணியில் நின்றது என்பதால், இதை வெறும் செலவுக் கணக்காக விட்டுவிட முடியாது.

புகை கண்ணுக்குத் தெரிகிறது. குழு ஏதோ செய்கிறது என்ற திருப்தியும் குடியிருப்பாளருக்குக் கிடைக்கிறது. ஆனால் அம்மருந்து தன்மீது படும் வளர்ந்த நுளம்பை மட்டுமே கொல்லும். பாத்திர ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டையை அது அசைப்பதேயில்லை. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் எகிப்தி நுளம்பு பெரும்பாலும் வீட்டுக்குள்ளே, கட்டிலின் அடியிலும் தொங்கும் உடுப்புகளின் பின்னாலும் ஒதுங்கியிருக்கும். நாமோ வீதியில் இயந்திரச் சத்தம் கேட்டவுடன் யன்னல்களை இறுகச் சாத்திவிடுகிறோம். முட்டை வளர்ந்த நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை முதல் பத்து நாள் வரையே போதுமாகையால், புகை கலைந்த சூட்டோடு அடுத்த தலைமுறை புறப்பட்டுவிடும்.

துப்புரவு அந்தப் பிறப்பிடத்தையே குறிவைக்கிறது. மாவிலை அடைத்த கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, ஏசி நீர் வடியும் வாளி, மூடி விலகிய தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றைக் கிழமைக்கொரு முறை பார்த்தாக வேண்டும். நீரைக் கொட்டிவிடுவது மட்டும் போதாது. உலர்ந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கக் கூடியவையாதலால், பாத்திரத்தின் உட்பக்கத்தைப் பிரஷ் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். இம்முறையின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: உரிமையாளர் கனடாவில், திறப்பு உறவினர் ஒருவரிடம், பால்கனியிலோ நீர் தேங்கிய பூச்சாடிகள். பக்கத்துக் கட்டுமானத் தளத்தின் மின்தூக்கிக் குழியும் அப்படித்தான். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடத் தயங்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, நுளம்பின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வோல்பாக்கியா பக்டீரியா ஏற்றிய நுளம்புகளை விடுவிக்கும் முறை. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில் நடந்த ஆய்வில் டெங்குத் தொற்று 77 சதவீதம் குறைந்ததாக 2021 இல் வெளியான முடிவு கூறுகிறது. நுகேகொடையிலும் கொழும்பிலும் இது முன்னோடியாகப் பரீட்சிக்கப்பட்டது. எனினும் ஒரு தொடர்மாடி தானாகத் தெரிவுசெய்யக்கூடிய வழி இதுவன்று.

என் வாக்குத் துப்புரவுக்கே. கட்டடத்தில் ஒருவருக்கு டெங்கு உறுதியானால் மட்டும், அவரைக் கடித்த நுளம்புகள் இன்னொருவரைக் கடிக்குமுன் அழிப்பதற்காகப் புகையை அழைக்கலாம். அப்போதும் முதலில் பீலியும் வாளியும், பிறகே புகை. அதுவும் உணவை மூடி, கைக்குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளோரையும் வெளியே அனுப்பி, வீட்டின் உள்ளறைகள்வரை அடிக்கப்பட வேண்டும். பூட்டிய வீட்டின் திறப்பை அதற்கு முன்பே வாங்கி வைத்திருப்பது குழுச் செயலாளரின் பொறுப்பு.