சான்ட்ரோவில் தொடங்கி ஐ20 வரை: 25 வருடம், இரண்டு வண்டி

2000-ம் வருடம் பொங்கல் முடிந்த கையோடு எங்கள் வீட்டு வாசலில் கொரிய நிறுவனமான ஹூண்டாயின் சான்ட்ரோ வந்து நின்றது. தெருவில் ஒருத்தர்கூட அதை அழகு என்று சொல்லவில்லை. திண்டுக்கல்லில் அப்போது கார் என்றால் அம்பாசடர், விட்டால் மாருதி 800. எதிர்வீட்டு மாமா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "என்ன மாப்ள, பீரோவுக்குச் சக்கரம் மாட்டி விட்டிருக்கான்?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா வாய் திறக்கவில்லை. உள்ளே போய் அப்பத்தாவைக் கூட்டி வந்தார்.

அப்பத்தாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. பெரியப்பாவின் 800-ல் ஏற்றுவதற்கே இரண்டு பேர் வேண்டும். தலையைக் குனிய வைத்து, உடம்பைச் சாய்த்து, காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். சான்ட்ரோவின் கதவைத் திறந்ததும் அவர் சும்மா திரும்பி நின்று, திண்ணையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். "குனியவே வேணாம் போலருக்கே" என்றார். அதோடு எங்கள் வீட்டில் டிசைன் விவாதம் முடிந்தது.

அந்த உயரமான வடிவத்துக்கு 'டால் பாய்' என்று பெயர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். 1998 செப்டம்பரில் சான்ட்ரோ அறிமுகமானபோது, 999 சிசியில் நாலு சிலிண்டர், எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறை) இன்ஜின் என்பது சின்னக் காரில் பெரிய விஷயம். 800-ல் மூணு சிலிண்டரும் கார்பரேட்டரும்தான் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் ஆஸ்தான மெக்கானிக் முதல் தடவை பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, கார்பரேட்டரே இல்லியே, இதுல நான் என்னத்த டியூன் பண்றது?" என்று மூடிவிட்டார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. தொழில் போகிறதே என்ற வருத்தம்.

எங்களுடையது அடிப்படை மாடல். பவர் ஸ்டீயரிங் கிடையாது, கண்ணாடி இறக்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். நான் ஓட்டப் பழகியது அதில்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் நெரிசலில் வண்டியைத் திருப்பித் திருப்பி நிறுத்தினால் தோள்பட்டை வலிக்கும். ஆனால் 15 வருடத்தில் 1,12,000 கிலோமீட்டர், இன்ஜினைப் பிரிக்காமல் ஓடியது.

வாங்கும்போது அப்பாவை எல்லாரும் பயமுறுத்திய விஷயம் வேறு. "கொரியாக்காரன் எத்தனை நாளைக்கு இருப்பான்? போய்ட்டான்னா ஸ்பேருக்கு எங்க போவ?" பயத்தில் நியாயம் இருந்தது. மட்டிஸ், சியலோ விற்ற இன்னொரு கொரிய நிறுவனமான டேவூ அந்தச் சமயத்தில்தான் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. பிறகு இந்தியாவில் கடையையும் மூடியது. அப்பாவின் கணக்கு எளிமையானது. ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் கார் மட்டும் பூட்டவில்லை, இன்ஜினும் கியர்பாக்ஸும் அங்கேயே செய்கிறான். அவ்வளவு காசைக் கொட்டினவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப மாட்டான். கணக்கு தப்பவில்லை. 2008-ல் அதே இடத்தில் இரண்டாவது ஆலையும் வந்தது.

அந்த மட்டிஸின் கதையைச் சொல்லாமல் தாண்ட மனசில்லை. அதன் வடிவம் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜ்யூஜாரோவின் நிறுவனத்துடையது. ஃபியட்டுக்காக வரைந்த லுச்சோலா என்ற கான்செப்ட் கார் (கண்காட்சிக்கென்று செய்யும் மாதிரி வண்டி), ஃபியட் வேண்டாம் என்றதும் கொரியாவுக்குப் போய் மட்டிஸ் ஆனது. ஹூண்டாயின் முதல் சொந்தக் கார் போனியை வரைந்தவரும் ஜ்யூஜாரோதான். 1974-ல் டூரின் கண்காட்சியில் போனியையும், பக்கத்திலேயே ஆப்பு வடிவத்தில் போனி கூப்பே என்ற கான்செப்டையும் நிறுத்தினார்கள். கம்பெனி தொடங்கி அப்போது ஏழு வருடம்தான். வடிவம் இத்தாலி, இன்ஜின் மிட்சுபிஷி, திட்டத்தை நடத்தியவர் இங்கிலாந்திலிருந்து கூட்டி வந்த ஜார்ஜ் டர்ன்புல். கேட்டால் கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் இரவல் வாங்கின மாதிரி இருக்கும். கார் ஓடியது. கூப்பே மட்டும் கடைசிவரை ஷோரூமுக்கு வரவில்லை.

தரம் என்பது அதற்கு ரொம்ப நாள் கழித்து வந்த சங்கதி. 1986-ல் எக்ஸெல் காரை 4,995 டாலருக்கு அமெரிக்காவில் இறக்கினார்கள். முதல் வருடமே ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. மூணு நாலு வருடத்தில் அந்தக் கார்கள் உதிர ஆரம்பிக்க, ஹூண்டாய் என்ற பேரே அங்கே டிவி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் கேலிக்கு ஆனது. அதிலிருந்து மீள 1998-ல் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பத்து வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரன்டி அறிவித்தார்கள். கார் கெட்டால் கைக்காசு போகும் என்று ஆனபிறகு தொழிற்சாலை தானாகத் திருந்தும். 2004-ல் ஜே.டி. பவர் என்ற நிறுவனம் புதுக் கார்களுக்கு நடத்தும் ஆரம்பத் தர ஆய்வில் ஹோண்டாவுக்குச் சமமாக வந்து நின்றபோது அமெரிக்கப் பத்திரிகைகளே நம்பவில்லை.

இந்த மாற்றத்தை நான் உணர்ந்தது கதவுச் சத்தத்தில். சான்ட்ரோ கதவைச் சாத்தினால் தகர டப்பா மூடிய மாதிரி 'டங்'கென்று கேட்கும், கண்ணாடி ஒரு நொடி அதிரும். 2015-ல் வாங்கிய ஹூண்டாய் எலீட் ஐ20-ன் கதவு 'தொப்' என்று அடங்கும். ரப்பர் பீடிங் இரண்டு வரிசை, கதவுத் தகட்டுக்குள் அதிர்வு அடக்கும் அட்டை. பத்து வருடம் ஆகியும் அந்தச் சத்தம் மாறவில்லை. டிரைவர் பக்கக் கண்ணாடி சுவிட்ச்சில் எழுத்து மட்டும் தேய்ந்துவிட்டது. டோல்கேட்டுகளின் உபயம்.

என்னுடையது 1.4 டீசல், ஆறு கியர். மீட்டரில் இப்போது 1,38,000. நெடுஞ்சாலையில் 90-ல் போனால் லிட்டருக்கு 20, ஊருக்குள் 15. கம்பெனி சொன்னது 22-க்கு மேல். அது ஆய்வகக் கணக்கு, அதை நம்பி யாரும் டீசல் போடுவதில்லை. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது ஒன்று பழகிக்கொள்ள வேண்டும். கொண்டை ஊசி வளைவில் வேகம் விழுந்து 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே போனால், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ தூங்கிவிடும். வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. எல்லாச் சின்ன டீசலுக்கும் உள்ள சுபாவம்தான்.

84,000-ல் கிளட்ச் மாற்றினேன். அது என் இடது காலின் வேலை. சான்ட்ரோவில் பழகிய காலம் முதல் பெடல் மேல் காலை வைத்தே ஓட்டுகிற கெட்ட பழக்கம். புது கிளட்ச் போட்டபிறகு காலைக் கீழே வைக்க மூணு மாதம் ஆனது.

செலவில் எனக்கு எரிச்சல் தந்தது வண்டியல்ல, ஒரு பணிமனை. பெயர் வேண்டாம். ஆயில் மாற்ற விட்ட வண்டிக்கு இன்ஜின் கார்பன் நீக்கம், ஏசி கிருமி நீக்கம், உள்பக்க பாலிஷ் என்று கேட்காமலே சேர்த்து பில்லை இரண்டு மடங்காக்கியிருந்தார்கள். அதற்கப்புறம் வண்டியை விடும்போதே செய்ய வேண்டிய வேலையைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். பழைய ஃபில்டரைக் கையில் கொடுங்கள் என்றும் கேட்பேன். இந்த ஒரு வரியே பாதிப் பணத்தை மிச்சம் பிடிக்கும்.

கான்செப்ட் கார்கள் மேல் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. கண்காட்சியில் பார்த்த கார் ஷோரூமுக்கு வரும்போது எது மிஞ்சுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பேன். 2012 டெல்லி கண்காட்சியில் ஹூண்டாய்க்காரர்கள் ஹெக்ஸா ஸ்பேஸ் என்று எட்டுப் பேர் உட்காரும் வண்டியைக் காட்டினார்கள். கூட்டுக் குடும்பங்கள் காத்திருந்ததுதான் மிச்சம். 2016-ல் அதே டெல்லியில் கார்லினோ வந்தது, நாலு மீட்டருக்குள் அடங்கும் குட்டி எஸ்யூவி. அது மூணு வருடம் கழித்து வென்யூ ஆனது. பெரிய சக்கரங்கள் சின்னதாகி, மெலிந்த கண்ணாடிகள் மனிதர் வெளியே பார்க்கும் அளவுக்கு வந்திருந்தன. பொதுவாகக் கான்செப்ட் மோகத்தால் எல்லா கம்பெனியும் கெடுத்த ஒன்று பின்பக்க ஜன்னல். ஜன்னலின் கீழ்விளிம்பை மேலே மேலே இழுத்து, பின்சீட்டுக் குழந்தைக்கு வானம் மட்டும் தெரிகிற மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் 2019 ஃபிராங்பர்ட்டில் '45' என்ற கான்செப்டைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. போனி டூரினில் நின்று 45 வருடம் ஆனதற்கான பெயர். அதே மடிப்பு, அதே கூர்மை. 2021-ல் அது அதிகம் சிதையாமல் ஐயோனிக் 5 ஆகி, அடுத்த வருடம் உலகின் சிறந்த கார் விருதும் வாங்கியது. 2023-ல் இந்தியாவில் விலை அறிவித்தபோது 44.95 லட்சம், பூட்டுவது நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையில்தான். இரவில் ஒருநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எனக்கு முன்னால் ஒன்று போனது. பின் விளக்குகள் சின்னச் சின்னச் சதுரங்களாக, பழைய வீடியோ கேம் மாதிரி. மாமல்லபுரம் திருப்பம் வரை முந்தாமலே பின்னால் போனேன். இத்தாலிக்காரரிடம் இரவல் வாங்கிய கோடுகளை அரை நூற்றாண்டு கழித்து, தங்கள் பாட்டன் சொத்து மாதிரி எடுத்து வரைகிறார்கள். வராமல் போன கூப்பேகூட 2022-ல் என் விஷன் 74 என்று ஹைட்ரஜன் காராகத் தலைகாட்டியது.

இதற்காகக் கொடி பிடிக்க நான் தயாரில்லை. தரம் ஒரே சீராக ஏறவும் இல்லை. தீட்டா 2 என்ற இன்ஜினின் கோளாறுக்காக 2017-ல் அமெரிக்காவில் ஹூண்டாயும் அதன் சகோதர நிறுவனமான கியாவும் சேர்ந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தன. விஷயத்தை வெளியே சொன்னவர் கம்பெனியின் பொறியாளர் ஒருவரே. அமெரிக்க அரசு 2021-ல் அவருக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தது. இங்கேயும் 2014-ல் குளோபல் என்கேப் என்ற பாதுகாப்பு அமைப்பின் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஐ10-க்குப் பூஜ்யம். 2022-ல் கிரெட்டாவுக்கு மூணு நட்சத்திரம். 2023 அக்டோபரில் வெர்னா ஐந்து வாங்கியது, அதே மாதம் இந்தியாவில் தங்கள் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் இருக்கும் என்று ஹூண்டாய் அறிவித்தது. என் ஐ20-ல் இரண்டுதான். கதவு அழகாகச் சாத்துவதும் மோதினால் உயிர் தப்புவதும் ஒன்றல்ல என்று தெரிந்துதான் ஓட்டுகிறேன்.

அடுத்த வண்டிக்குப் போன மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஷோரூம் போனேன். இப்போது முட்டி வலி அவர் முறை. விற்பனைப் பையன் பெரிய திரையைத் தொட்டுத் தொட்டு 360 டிகிரி கேமராவை விளக்கிக்கொண்டிருந்தான். அம்மா வென்யூவின் கதவைத் திறந்து, திரும்பி நின்று உட்கார்ந்தார். இறங்கினார். "தம்பி, அது இருக்கட்டும், இன்னொரு தடவ ஏறிப் பாத்துக்கிறேன்" என்று மறுபடி ஏறினார்.

இன்னும் புக் செய்யவில்லை. டீசலா பெட்ரோலா என்பதில் வீட்டில் இரண்டு கட்சி.