ஊட்டிப் பனியில் லான் ஸ்பிரிங்ளர்: சில குளிர்காலம் ஓட்டிய அனுபவம்

வீட்டு லானுக்கு பாப்-அப் ஸ்பிரிங்ளர் (தரைக்குள் இருந்து, தண்ணீர் விட்டால் தலை மேலெழுந்து தெளிக்கும் வகை) போட்டுச் சில குளிர்காலம் தாண்டிவிட்டது. வீடு ஊட்டியில், தலைகுந்தா பக்கம், அதுவும் பள்ளத்தில். உறைபனி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "பனிக்குத் தாங்குமா?" என்பதுதான். தாங்கும். ஆனால் பெட்டிக்குள் வரும் கையேட்டைப் பார்த்துக் குளிருக்குத் தயார் செய்தால் வீண் வேலை.

அந்தக் கையேடு, மண்ணே ஆழமாக உறைந்துபோகிற நாடுகளுக்கு எழுதியது. குளிர் தொடங்குமுன் கம்ப்ரசர் வைத்துக் காற்றடி, லைன் முழுவதையும் காலி செய், பனி முடியும்வரை மூடி வை என்கிறது. நம் மலையில் உறைவது புல்நுனியும் தரைக்கு மேலே இருக்கிற சாமான்களும்தான். அரை அடி ஆழத்தில் புதைத்த பைப்புக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. அதோடு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகுதான் உறைபனியே இறங்குகிறது. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை பகலில் சுள்ளென்று வெயில், ராத்திரி பனி, மழை பேருக்குத்தான். புல் தண்ணீருக்குத் தவிக்கிற மாதங்களில் போய் லைனை மூடி வைத்தால், பனிக்குத் தப்பியது வெயிலில் காய்ந்துவிடும்.

ஆகவே இங்கே தேவை, காலையில் நிரப்பிச் சாயங்காலம் காலி செய்கிற ஏற்பாடு. லான் சரிவாக இருப்பது இதற்கு வசதி. கீழ்க்கோடியில் ஒரு டிரெயின் வால்வு வைத்திருக்கிறேன். மெயினை அடைத்து இதைத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கிவிடும். ஒரே தொந்தரவு செக் வால்வு. சரிவுக்கென்று விற்கும் ஹெட்டுகளில் (தண்ணீர் தெளிக்கும் தலைகளில்), மேல் லைன் தண்ணீர் கீழ் ஹெட் வழியாக வழிந்து போகாமல் இருக்க அடியில் ஒரு ரப்பர் சீல் இருக்கும். மற்ற மாதங்களில் நல்ல சாமான். பனி மாதத்தில் அதுவே பகை: ஹெட்டுக்குள் தண்ணீரை நிறுத்தி வைக்கும், வெளிக்காற்று உள்ளே போகாததால் டிரெயினைத் திறந்தாலும் லைன் சரியாக இறங்காது. விடிந்து பார்த்தால் ஹெட் மேலெழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். டிசம்பர் பிறந்ததும் சீல்களைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிடுகிறேன்.

அடுத்தது தண்ணீரை வடிகட்டும் பில்டர். கோவையிலிருந்து வந்து மாட்டிக் கொடுத்தவர்கள் சமவெளிக் கணக்கில் பில்டரையும் வால்வையும் சுவரோரம் தரைக்கு மேலேயே நிறுத்திவிட்டுப் போனார்கள். முதல் ஜனவரியிலேயே பில்டர் கப் போயிற்று. காலை ஏழு மணிக்குப் பார்த்தபோது உள்ளே வெள்ளையாக ஒரு கட்டி, சொட்டுக்கூடக் கசியவில்லை. ஒன்பது மணிக்குச் சுவரில் வெயில் விழுந்து கட்டி இளகியதும், அடியிலிருந்து கழுத்து வரை மயிரிழை போன்ற ஒரு கோட்டில் தண்ணீர் பீய்ச்சியது. தண்ணீர் உறையும்போது கொள்ளளவில் சுமார் 9 சதவீதம் கூடும். கெட்டி பிளாஸ்டிக் அதற்கு இடம் கொடுக்காது. இப்போது கப்பைச் சாயங்காலமே கழற்றிச் சமையலறை ஜன்னலில் வைத்துவிடுவது வழக்கம். மெயின் வால்வைத் தரைக்குக் கீழே செங்கல் தொட்டிக்குள் இறக்கி, மேலே சாக்கு போட்டு மூடியாயிற்று.

அந்த டிரெயின் வால்வு, உள்ளே ஓர் உருண்டை திரும்பித் திறந்து மூடும் பால் வால்வு (ball valve). அதைப் பற்றிப் பக்கத்துக் கேரட் தோட்டத்து அண்ணன் சொன்னது கையேட்டில் நான் பார்க்காத விஷயம். "தண்ணிய எறக்கிட்டு டிரெயினை முழுசா மூடாத தம்பி, முழுசா தொறந்தும் வைக்காத. பாதியில நிறுத்து." முழுக்க மூடினாலும் திறந்தாலும் உள்ளே இருக்கிற உருண்டையைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். பாதியில் நிறுத்தினால் அதுவும் வடிந்துவிடும்.

போனில் 4 டிகிரி என்று காட்டுகிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். வெப்பமானி மனிதன் நிற்கிற உயரத்துக் காற்றை அளக்கிறது. மேகமில்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை இழந்து அதைவிடக் குளிர்ந்துவிடும். கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காற்றில்லாமல் நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்தால் நான் போனைப் பார்ப்பதே இல்லை, நேராக வால்வுக்குப் போய்விடுவேன்.

காலையில் வெயில் ஏறுமுன் லைனை நிரப்பிக் கொஞ்ச நேரம் ஓட விடுகிறேன். தாவரவியல் பூங்காவிலும் புல்வெளிப் பனியைக் கரைக்கத் தண்ணீர்தான் அடிக்கிறார்கள். பனி கரையும்வரை யாரும் புல்லில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் அந்தத் தடம் கருகிப் பல நாள் நிற்கும். ஆழமாக நனைப்பதைப் பகலில் வைத்துக்கொள்வது நல்லது. ஈர மண் பகல் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். இவ்வளவு செய்தும் கிக்கூயூ புல் நுனி பழுக்கத்தான் செய்யும். தண்டு உயிரோடு இருந்தால் பனி விட்டதும் தழைத்துவிடும்.

நேரம் பார்த்துத் தானாகத் தண்ணீர் விடும் டைமர்? தினமும் லைனைக் கையால் காலி செய்கிறவனுக்கு அது இந்த மாதங்களில் வெறும் அலங்காரம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவேன்.

கொடைக்கானலில் பள்ளத்தில் வீடு உள்ளவர்களுக்கும் இதே பாடுதான். குன்னூர், கோத்தகிரியில் மேட்டில் இருப்பவர்கள் பில்டரைக் கழற்றி வைத்தாலே பெரும்பாலும் போதும். வாங்குமுன் கடையில் ஒன்று கேளுங்கள்: பில்டர் கப்பும் சீல் ரப்பரும் தனியாகக் கிடைக்குமா? செட்டாகத்தான் தருவோம் என்றால் வேறு கடை பாருங்கள்.