21 நாளில் திக்குவாய் குணம் என்று போஸ்டர் பார்த்தால் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோத்தகிரி பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் கோடை விடுமுறையில் பேச்சுப் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். "21 நாளில் திக்குவாய் பூரண குணம், கேரண்டி" என்று குன்னூர் பஸ் ஸ்டாண்ட் வரை போஸ்டர். போன கோடையில் பிளஸ் ஒன் முடித்த என் மகனைச் சேர்த்தோம். சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய், மொத்தமும் முன்கூட்டியே. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருப்பதால் முகாமின் பெயரை இங்கே எழுதவில்லை.

அங்கே நடந்தது இதுதான். மெட்ரோனோம் என்ற தாளக் கருவி சீராகத் தட்டும், அதன் தாளத்துக்கு ஒவ்வோர் எழுத்தாகப் பேச வேண்டும். தொடையில் விரலால் தட்டிக்கொண்டே பேச வேண்டும். எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் வாசிக்க வேண்டும். சாயங்காலம் பாட்டு. முதல் வாரத்திலேயே பையன் சரளமாகப் பேசினான், நாங்களும் பூரித்துப் போனோம். திக்குபவர்களில் பெரும்பாலோர் பாடும்போதும், கூட்டாக வாசிக்கும்போதும், தாளத்துக்குப் பேசும்போதும் திக்குவதே இல்லை. இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த பழைய விஷயம் இது. அதைத்தான் குணம் என்று விற்கிறார்கள்.

கடைசி நாள் மேடை, பேனர், வீடியோ. மகன் மூன்று நிமிடம் தடங்கலின்றிப் பேசினான். வீடியோவில் இடுப்புக்கு மேல்தான் தெரியும். கீழே பேன்ட் பாக்கெட்டுக்குள் அவன் விரல் தட்டிக்கொண்டே இருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிட்டது. ஒருநாள் ஊட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தவனுக்கு "குன்னூர்" என்று சொல்ல வரவில்லை. குன்னூருக்கு முன்னாலேயே வரும் "வெலிங்டன்" என்று டிக்கெட் வாங்கி, அங்கேயே இறங்கி, மீதித் தூரத்தை மழையில் நடந்து வந்திருக்கிறான்.

முகாமுக்குப் போன் செய்தால், "நீங்க வீட்டுல பிராக்டிஸ் பண்ண வைக்கலை சார், செகண்ட் லெவலுக்கு அனுப்புங்க" என்றார்கள். அதற்கு இன்னொரு 30,000. கூடவே வசம்பு கலந்த தேன் பாட்டில் ஒன்று, அதற்குத் தனி விலை.

தீவிரப் பயிற்சி என்றாலே பித்தலாட்டம் என்று சொல்லவில்லை. சொற்களை மெல்ல இழுத்து, மென்மையாகத் தொடங்கிப் பேசும் முறையைச் சில வாரங்கள் தொடர்ந்து பழக்கும் முறையான பயிற்சிகள் உண்டு. அவற்றில் திக்கல் நன்றாகவே குறைகிறது. ஆனால் முடிந்த பின் பலருக்குத் திரும்ப வரும். அதனால் பிறகு பல மாதம் தொடர்ந்து பார்ப்பதும் சிகிச்சையில் சேர்த்தி. இந்த முகாமில் அந்தப் பேச்சே இல்லை. சின்னக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் திக்கல் தானாகவே போய்விடும். பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு அது தங்கிவிடுகிறது. அவர்களிடம் கேரண்டி கொடுக்கிறவரை நம்பாதீர்கள்.

முதலில் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். 1992-ஆம் ஆண்டு சட்டப்படி பேச்சு சிகிச்சை நிபுணர்கள் இந்தக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். முகாம் நடத்திய 'மாஸ்டர்' சுவரில் மாட்டியிருந்தது தன்னம்பிக்கைப் பயிற்சிச் சான்றிதழ்.

இப்போது மைசூரில் உள்ள மத்திய அரசின் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் காட்டுகிறோம். அங்கே குணமாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. எந்தெந்த வார்த்தையைத் தவிர்க்கிறாய், யாரிடம் பேசத் தயங்குகிறாய் என்று அவனிடமே கேட்டார்கள். வெலிங்டன் கதையை அங்கேதான் சொன்னான்.

மனு ஊட்டி நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். ரசீது, போஸ்டர் போட்டோ, வாட்ஸப் மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள். அதே முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்தே போடலாம்.