மிட்வே கப்பல் அருங்காட்சியகம், சான் டியேகோ: விமானங்களைவிட முன்னாள் வீரர்களுக்காகச் செல்லலாம்

அமெரிக்காவின் சான் டியேகோ துறைமுகத்தில் 2004 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் மிட்வே என்ற அமெரிக்கக் கடற்படையின் பழைய விமானந்தாங்கிக் கப்பலுக்கு வருபவர்களில் பலர், மேல்தளத்து விமானங்களின் முன் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கே தன்னார்வலர்களாக விளக்கம் அளிக்கும் முன்னாள் படைவீரர்களிடம் நின்று கேட்டால்தான் நுழைவுக் கட்டணத்தின் முழுப் பயனும் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

எங்களுக்கு விளக்கிய பெரியவர் வியட்நாம் போரின்போது இதே கப்பலின் மேல்தளத்தில் வேலை பார்த்தவர். எதிரியின் குண்டுகளைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஆளையே உள்ளே இழுத்துவிடும் ஜெட் இயந்திரத்தின் வாய், கடலில் தூக்கியெறியும் வெப்பக்காற்று, தரையிறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும், அறுந்தால் கால்களைத் துண்டித்துவிடும் இரும்பு வடம் ஆகியவற்றுக்கு நடுவே, தூக்கமில்லாத இருபது வயதுப் பையன்கள் இரவில் எப்படி வேலை செய்தார்கள் என்பதையே ஒவ்வொரு இடமாகக் காட்டிச் சொன்னார். 1972 அக்டோபர் 24 அன்று இரவு தரையிறங்கிய ஏ-6 ரகத் தாக்குதல் விமானம் ஒன்று சக்கரம் உடைந்து, நிறுத்தி வைத்திருந்த விமானங்களின் மீது மோதியதில் ஐந்து பேர் இறந்து 23 பேர் காயமடைந்ததை அவர் சொன்னபோது, இறந்தவர்கள் யார், என்ன வேலை பார்த்தார்கள் என்று குழுவில் இருந்த சிறுவர்கள்கூடக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

ஃபாரஸ்டல் என்ற மற்றொரு அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் தீ விபத்தையும் அவர் விரிவாக விளக்கினார். 1967 ஜூலை 29 அன்று வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில், மின்கோளாறால் தானாகப் பாய்ந்த ராக்கெட் ஒன்று எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் கலனைத் துளைக்க, வெப்பம் தாங்காத பழைய குண்டுகள் சுமார் ஒன்றரை நிமிடத்திலேயே வெடிக்கத் தொடங்கின. தீயணைப்பில் தேர்ந்தவர்களில் பெரும்பாலோர் முதல் வெடிப்புகளிலேயே மாண்டதால், பயிற்சியில்லாத மாலுமிகள் குழாய்களைக் கையில் எடுத்தனர்; எரிபொருள் தீயை மூடி அணைக்க ஒருபுறம் தெளித்த நுரையை மறுபுறம் பாய்ச்சிய தண்ணீர் கழுவிக்கொண்டு போனது. மொத்தம் 134 பேர் இறந்தனர். கப்பலில் ஏறும் ஒவ்வொருவருக்கும் தீயணைப்புப் பயிற்சி தரவேண்டும் என்பதில் அமெரிக்கக் கடற்படை பிறகு காட்டிய கண்டிப்புக்கு இந்த விபத்து முக்கியக் காரணம். போரில் விழுந்தவர்களுக்குக் கிடைக்கும் புகழ் இப்படி விபத்தில் இறந்தவர்களுக்குக் கிடைக்காமல் போனது எனக்குப் பெரும் வருத்தம்.

கட்டணத்தில் அடங்கிய ஒலி வழிகாட்டி, கப்பலின் இயந்திரங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போதுமானது. ஆனால் கேள்வி கேட்க முடியாது. உள்தளங்களுக்குச் செல்லும் ஏணிப்படிகள் செங்குத்தானவை, ஆகவே மூட்டுவலி உள்ளவர்கள் விமானக் கொட்டகைத் தளத்திலும் மேல்தளத்திலும் நேரத்தைச் செலவிடலாம். கூட்டம் சேர்ந்தபின் மேல்தளத்தில் பேச்சு காதில் விழாது என்பதால், காலையில் திறந்தவுடன் சென்று, அரை நாளாவது ஒதுக்குங்கள். வியட்நாம் காலத்து வீரர்கள் இப்போது எழுபது வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்ல எண்ணுபவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.