சேலத்தில் ‘ஏஎன்சி’ இயர்பட்ஸ் வாங்கப் போறீங்களா? காசு கொடுக்கும் முன் இதைப் படிச்சிடுங்க

புதிய பேருந்து நிலையம் பக்கம் ஒரு மொபைல் கடை. வெளி இரைச்சலைக் குறைக்கும் இயர்பட்ஸ் என்று ஒரு பெட்டி. அதில் எம்ஆர்பி 6,999, கடைக்காரர் சொன்ன விலை 1,299. “ஏஎன்சி இருக்குதுங்ணா, 50 டெசிபல், பஸ் சத்தமே கேக்காது. ஒரு வருஷம் வாரண்டி.” பில் கேட்டதற்கு, “பில்லு போட்டா 1,530 ஆயிருமுங்ணா, எதுக்கு வீணா?” என்று பதில். வாங்கியவர் ஏற்காடு பஸ் ஏறினார். அஸ்தம்பட்டி தாண்டுவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. இயர்பட்டைத் தொட்டால் இரைச்சல் நீக்கம் ஆன் ஆகிவிட்டதாக ஒரு பெண் குரல் சொல்கிறது, எஞ்சின் உறுமல் மட்டும் துளியும் குறையவில்லை. மறுநாள் திரும்பக் கொண்டுபோனால், “பாட்டு கேக்குதுல்ல, அப்புறம் என்னங்ணா?” என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த இயர்பட்ஸ் ஜோடியைப் பிரித்துப் பார்த்தாயிற்று. ஒரு பட்டுக்கு ஒரே ஒரு மைக். அதுவும் தண்டின் அடி நுனியில், வாயைப் பார்த்தபடி. காதுக்குள் போகும் குழாயில் மைக் இல்லை, வெளிப்பக்கமும் இல்லை. தொட்டால் பேசும் அந்தக் குரல் சிப்பில் பதிந்து வைத்தது, அதற்குப் பின்னால் எந்த வேலையும் நடக்கவில்லை. சார்ஜ் செய்யும் கேஸைத் திறந்தால் அடியில் பசை வைத்து ஒட்டிய ஒரு இரும்புத் துண்டு. கையில் எடுத்தால் கனமாக, விலை உயர்ந்த பொருள் போல இருக்க வேண்டுமே, அதற்காக.

இவ்வளவு அப்பட்டமாக இல்லாவிட்டாலும், அதிகம் பேர் ஏமாறுவது ஏஎன்சி, இஎன்சி என்ற இரண்டு சுருக்கப் பெயர்களில்தான். ஏஎன்சி என்பது உங்கள் காதுக்கு வரும் வெளிச்சத்தத்தைக் குறைப்பது. இஎன்சி என்பது நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தம் எதிர்முனைக்குப் போகாமல் தடுப்பது. ‘குவாட் மைக் இஎன்சி’ என்று பெரிதாகப் போட்டிருந்தால், மொத்தம் நான்கு மைக், பேசுவதற்கு என்றுதான் அர்த்தம். அதை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தால் உங்களுக்கு ஒரு அமைதியும் கிடைக்காது. கடையில் இரண்டையும் ஒன்றுபோலவே “நாய்ஸ் கேன்சல்” என்று சொல்லி விற்கிறார்கள். வேண்டுமென்றே சொல்பவர்களும் உண்டு, தெரியாமல் சொல்பவர்களும் உண்டு. நஷ்டம் என்னவோ வாங்குபவருக்குத்தான்.

உண்மையான ஏஎன்சி 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. அதனால் விலையை மட்டும் வைத்து நல்லதா போலியா என்று முடிவுகட்ட முடியாது. கடையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும், மூன்று நிமிடம் போதும்.

முதலில் ரப்பர் டிப். பெட்டியில் மூன்று அளவு இருக்கும், காதில் காற்றுப் புகாமல் உட்காரும் அளவைப் போடுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. இடைவெளி இருந்தால் நல்ல ஏஎன்சியும் வேலை செய்யாது, பாட்டின் கனத்த அடியொலியான பேஸும் போய்விடும். அடுத்து, பாட்டை நிறுத்திவிடுங்கள். இது முக்கியம். போலிகளில் சில, ஏஎன்சி ஆன் செய்ததும் பேஸையும் சத்தத்தையும் கொஞ்சம் ஏற்றிவிடும், பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் வெளிச்சத்தம் குறைந்த மாதிரி தோன்றும். பாட்டு இல்லாமல், ஓடும் ஃபேனுக்கு அடியிலோ, எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்கும் பஸ் பக்கத்திலோ நின்று, ஐந்து ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஆன், ஆஃப் செய்யுங்கள். ‘ம்ம்ம்’ என்ற அடிச்சத்தம் பட்டென்று இறங்கி, பட்டென்று திரும்ப ஏற வேண்டும். இறங்கவில்லையென்றால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். கடைசியாக, வெளிச்சத்தத்தைக் காதுக்குள் விடும் டிரான்ஸ்பரன்சி முறைக்கு மாற்றி, பட்டின் வெளிப்பக்கத் துளையை விரலால் உரசுங்கள். காதுக்குள் சரசரவென்று கேட்டால் வெளி மைக் உயிரோடு இருக்கிறது.

நல்ல பொருளே வாங்கினாலும் அதனால் முடிகிற வேலை எது என்று தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதையும் போலி என்று நினைத்துத் தூக்கிப்போட்டுவிடுவோம். வெளியிலிருந்து வரும் ஒலி அலையை மைக் பிடித்து, அதற்கு நேர்மாறான அலையை ஸ்பீக்கர் உண்டாக்குகிறது. 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர், அதைத் துரத்திப் பிடிக்க சிப்புக்கு அவகாசம் இருக்கிறது. 3,000 ஹெர்ட்ஸ் கீச்சொலியின் அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான், சற்றே பிந்தினாலும் கணக்கு தவறிவிடும். ஆகவே பஸ் எஞ்சின், ஃபேன், ரயில் பெட்டியின் அதிர்வு நன்றாக அடங்கும். ஏர்ஹாரன், பக்கத்து சீட்டுப் பேச்சு, குழந்தை அழுகை அடங்காது, டிப் அடைப்பதால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். பெட்டியில் போடும் 50 டெசிபலும் ஏதோ ஒரு அதிர்வெண்ணில் கிடைத்த உச்ச அளவு, எல்லா சத்தத்துக்கும் அது கிடைக்காது.

அம்மாபேட்டை, இளம்பிள்ளை பக்கம் தறி ஓட்டுபவர்கள் இதை நம்பி வாங்குவதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. விசைத்தறியில் ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடா அடிக்கும் ‘டக் டக்’ திடீர் திடீரென்று வெடிக்கும் சத்தம், ஏஎன்சி அதைப் பிடிப்பதற்குள் அது காதுக்குள் போய்விடும். தறி சத்தத்தை மீறிப் பாட்டு கேட்க வால்யூமை ஏற்றினால் காதுக்கு இரட்டை அடி. தறிக்கூடத்துக்குக் காதடைப்பான்தான் வேண்டும், இது அதற்கு மாற்றாகாது.

ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெளி மைக்கில் காற்று மோதி ‘புர்ர்’ என்று இரையும். அப்போது ஏஎன்சியை நிறுத்திவிட்டாலே நல்லது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரம் போகும்போது காது அடைத்தால், பட்டைக் கழற்றி எச்சில் விழுங்குங்கள். பட் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம்.

பேட்டரிக்குப் பெட்டியில் போடும் ‘40 மணி நேரம்’ என்பது கேஸில் போட்டுப் போட்டு ஏற்றியதையும் சேர்த்த கணக்கு, அதுவும் ஏஎன்சி ஆஃபில். ஏஎன்சி ஆனில் ஒரு முறைக்கு நான்கைந்து மணி நேரம் வந்தாலே இந்த விலைக்கு நியாயம்.

இன்னொரு ஏமாற்று ரிப்பேரில். ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்று போனால், “போர்டு போயிருச்சு, 400 ஆகும்” என்பார்கள். போவதற்கு முன் வீட்டில் பாருங்கள். பட்டின் அடியிலும் கேஸின் உள்ளேயும் உள்ள சார்ஜ் புள்ளிகளில் வியர்வை படிந்து கறுத்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டால் பல நேரம் கோளாறு தீர்ந்துவிடும். சத்தம் குறைந்தாலோ, ஏஎன்சி போட்டதும் விசில் வந்தாலோ, குழாய் நுனியில் உள்ள வலையில் காது அழுக்கு அடைத்திருக்கலாம். குழாய் தரையைப் பார்த்தபடி பிடித்து, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். குண்டூசி போட்டால் வலை கிழியும். ஒரு பக்கம் மட்டும் இணைகிறது என்றால் போனில் பெயரை நீக்கி, இரண்டையும் கேஸில் வைத்து, அந்த மாடலுக்குச் சொன்னபடி ரீசெட் செய்யுங்கள்.

பெட்டியில் ‘ஆர்’ எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுப் பாருங்கள், வேறு கம்பெனி பெயரோ வேறு பொருளோ வந்தால் வாங்காதீர்கள். இறக்குமதியாளர் முகவரி, எந்த நாட்டுப் பொருள் என்பது, தயாரித்த மாதம், வருடம், புகார் எண் இவையும் அச்சாகியிருக்க வேண்டும். சீரியல் எண் இணையத்தில் சரியாக வருகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள், ஒரு அசல் பொருளின் எண்ணையே ஆயிரம் போலிப் பெட்டிகளில் அச்சடிக்க முடியும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அங்கே தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். பெட்டியின் ஆறு பக்கப் படம், யுபிஐ ரசீது, ஆன் ஆஃப் சோதனையின் வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பில்லே தரமாட்டேன் என்ற கடையாக இருந்தால், ஒரு துண்டுச் சீட்டிலாவது மாடல் பெயர், ‘ஏஎன்சி உண்டு’ என்ற வார்த்தை, தேதி, தொகை எழுதி, கடை முத்திரை வாங்கிவிட்டுப் பணம் கொடுங்கள். அதற்கும் மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.