கொண்டுபோய் விடுவதா, ஆளை வரவழைப்பதா: ஒரு ராத்திரிக் கணக்கு

என் மகனுக்கு 15 வயது. டூஷென் தசைச் சிதைவு நோய். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு பழுதானதால் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடம்பில் உருவாகாது, தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும். 11 வயதில் சக்கர நாற்காலிக்கு வந்தான். ஒன்றரை வருடமாக இரவில் பைபாப், அதாவது மாஸ்க் வழியாக மூச்சுக்குத் துணைசெய்யும் கருவி, மாட்டிக்கொண்டு தூங்குகிறான்.

பேலியேட்டிவ் கேர், அதாவது நோயின் வேதனையைக் குறைத்து நோயாளிக்கும் குடும்பத்துக்கும் துணை நிற்கும் பராமரிப்பு, என்று சொன்னாலே எங்கள் சொந்தக்காரர்களுக்கு முகம் மாறிவிடுகிறது. 'கைவிட்டுட்டாங்களா?' என்று என் அத்தை நேராகவே கேட்டார். பிள்ளைகளைப் பொறுத்தவரை அது நோயைக் கண்டுபிடித்த அன்றே தொடங்க வேண்டியது, மற்ற சிகிச்சைகளோடு கூடவே போவது என்று உலக சுகாதார நிறுவனம் 1998-லேயே சொல்லிவிட்டது. பார்த்துக்கொள்பவர்களுக்கு அவ்வப்போது ஓய்வு கிடைக்கச் செய்வதும் அதில் சேர்ந்ததுதான். எங்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது அந்த ஓய்வு. கணவர் பஸ் டிரைவர். தூக்கமில்லாத கண்ணோடு அவர் ஸ்டியரிங் பிடிப்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டோம். ஒன்று, பிள்ளையைச் சில நாள் ஓர் இல்லத்தில் விட்டுவிட்டு வருவது. இன்னொன்று, பார்த்துக்கொள்ள ஆளை வீட்டுக்கு வரவழைப்பது. நாங்கள் இப்போது இரண்டாவது வழியில் இருக்கிறோம், அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததுதான்.

சிலர் சொல்லும் மூன்றாவது வழி, ஆஸ்பத்திரியில் நாலு நாள் அட்மிட் செய்வது. ஓய்வுக்காக அதைச் செய்யாதீர்கள். கூட ஓர் ஆள் இருக்கச் சொல்வார்கள், அந்த ஆள் நீங்கள்தான். அதோடு, இந்த நோயில் மூச்சுத் தசைகள் பலவீனம். நோயைப் பற்றித் தெரியாத யாராவது பைபாப் இல்லாமல் வெறும் ஆக்சிஜனை மட்டும் வைத்துவிட்டால், பார்க்கத் தெம்பாக இருப்பது போலத் தெரியும், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். இதை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். 'ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது' என்பது அதே தாளில் இரண்டாவது வரி.

சரி, இல்லத்துக்கு வருகிறேன். தீராத நோயாளிகளைக் கடைசிவரை தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தை ஹாஸ்பிஸ் என்பார்கள். பிள்ளைகளுக்கென்றே உலகில் முதலில் தொடங்கப்பட்ட ஹாஸ்பிஸ், இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் 1982-ல் திறந்த ஹெலன் ஹவுஸ். சிஸ்டர் ஃபிரான்சஸ் டொமினிகா என்ற கன்னியாஸ்திரி, மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியைத் தன்னிடம் அவ்வப்போது வைத்துப் பார்த்துக்கொண்டு பெற்றோருக்கு இளைப்பாற நேரம் கொடுத்ததில் பிறந்த யோசனை அது. அதனால் அங்கே சாவுக்கு இருந்த இடம் ஓய்வுக்கும் தொடக்கத்திலேயே இருந்தது. நம் நாட்டில் கதை வேறு. மும்பையில் 1986-ல் வந்த சாந்தி அவேத்னா தொடங்கி, நம் ஹாஸ்பிஸ்கள் பெரும்பாலும் புற்றுநோய் வந்த பெரியவர்களை மனத்தில் வைத்து எழுந்தவை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் சமர்த் திட்டத்தில் தற்காலிகமாகத் தங்கவைக்கும் வசதி உண்டு. ஆனால் அந்த அறக்கட்டளைக்கான சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கானது. உங்கள் பிள்ளை அந்த வரிசையில் இருந்தால் முதலில் அதை விசாரியுங்கள். என் மகன் அதில் இல்லை.

தேடிப் பிடித்த ஓர் இல்லத்தில் போன மே மாதம் நான்கு நாள் விட்டோம். பகலில் அவ்வளவு நன்றாக இருந்தது. சக்கர நாற்காலி தாராளமாகத் திரும்பும் குளியலறை, நல்ல பிசியோதெரபிஸ்ட். திண்டுக்கல் பக்கத்துப் பையன் ஒருவன் ஃபோனில் கிரிக்கெட் விளையாடக் கிடைத்தான். தன்னைப் போல இன்னொரு பையனை என் மகன் நேரில் பார்த்ததே அப்போதுதான். நாங்கள் மகளை ராமேசுவரம் கூட்டிப் போனோம். 9 வயதில் முதல் முறையாக அப்பா, அம்மா இருவரோடும் ஒரே நேரத்தில் வெளியூர் போகிறாள்.

ஆனால் ராத்திரி.

தானாகப் புரண்டு படுக்க முடியாத பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விளங்கும் விஷயம் இது. நமக்குத் தூக்கத்தில் கை மரத்தால் நாமே திரும்பிக்கொள்கிறோம். அவனுக்கு யாராவது வர வேண்டும். ஒரு வாரம் காலண்டரில் கோடு போட்டு எண்ணினேன், ஏழு ராத்திரிக்கு 43 தடவை. சும்மா உருட்டிவிடவும் முடியாது. முதலில் இடுப்பு, அப்புறம் முழங்கால், நடுவில் தலையணை, பிறகு தோள், கடைசியாக அடியில் சிக்கிய கையை எடுத்து வெளியே வைப்பது. காது மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. மாஸ்க் நகர்ந்தால் மூக்குத் தண்டில் புண் வரும், அதையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த இல்லத்தில் இரவில் எட்டுப் பேருக்கு ஓர் ஆயா. நல்ல மனுஷி, அவரைக் குறை சொல்ல மாட்டேன். கூப்பிடும் மணி சுவரில் இருந்தது, அவன் கை அங்கே எட்டாது. மாஸ்க்குக்குள்ளிருந்து கூப்பிட்டால் பக்கத்துக் கட்டிலுக்கே கேட்காது. ஐந்தாம் நாள் கூட்டிவந்து குளிப்பாட்டும்போது இடது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. கேட்டேன். "பாவம்மா, அவங்க தூங்கிட்டாங்க" என்றான். நான் ராமேசுவரத்தில் அந்த நான்கு ராத்திரியும் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் ஆளை வரவழைத்தோம். வாரம் இரண்டு ராத்திரி, ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஓர் அக்கா வருகிறார். முதல் மூன்று ராத்திரி நானும் அதே அறையில் பாய் போட்டுப் படுத்து, இடுப்பு, முழங்கால், தோள் என்று வரிசையைச் சொல்லிக் கொடுத்தேன். நான்காவது ராத்திரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். பழக்கத்தில் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது, எழுந்து போகவில்லை. கம்பியில்லாத காலிங்பெல் ஒன்று வாங்கி, அதன் பட்டனை அவன் ஆள்காட்டி விரலுக்கு அடியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறோம். 350 ரூபாய். வீட்டில் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான், இன்வெர்ட்டர்கூட அதற்கு அடுத்ததுதான்.

இந்த வழியின் குறைகளும் கொஞ்சமல்ல. ஒரு ராத்திரிக்கு 800 ரூபாய், மாதம் கிட்டத்தட்ட 7000. அரசு தரும் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இரண்டரை ராத்திரிக்குத்தான் காணும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பேலியேட்டிவ் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருகிறார்கள், பெரிய ஆறுதல். ஆனால் வருவது பகலில். ஏஜென்சிக்காரர்கள் நினைத்தால் ஆளை மாற்றுவார்கள், வரிசையை மறுபடி முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். 15 வயதுப் பையனுக்கு யூரின் பாட்டில் வைப்பது ஒரு பெண் என்பதில் அவனுக்குக் கூச்சம். ஆண் ஆட்கள் கிடைப்பதில்லை, போர்வைக்குள்ளேயே வைத்து எடுப்பது என்று இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், பக்கத்து அறையில் படுத்திருப்பது ராமேசுவரம் ஆகாது. மகள் இன்னும் அந்தக் கடலைப் பற்றித்தான் பேசுகிறாள்.

வீட்டில் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, அல்லது தங்களுக்கே ஆபரேஷன் என்று வந்துவிட்டவர்களுக்கு, என் கணக்கு பொருந்தாது. அப்போது இல்லம்தான். ராத்திரி தானாகப் புரளத் தெரிந்த பிள்ளை என்றாலும் இல்லத்தைத் தாராளமாக யோசிக்கலாம். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. அது அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களில்தான் கிடைக்கும், எல்லா மருந்துக் கடையிலும் கேட்டு வாங்க முடியாது. ஆகவே, அவர்கள் ஒரு பேலியேட்டிவ் டீமோடு முன்கூட்டியே தொடர்பில் இருப்பது நல்லது. கடைசிக் கட்டத்தில் வீடா, இல்லமா என்றும் கேட்பார்கள். நாங்கள் அங்கே வரவில்லை. டாக்டர் ஒரு தடவை பேச்சை எடுத்தார், 'அடுத்த தடவை பேசலாம்' என்றேன்.

இல்லம் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். மணியைப் பிள்ளையின் கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

மகனிடமும் கேட்டேன், திரும்ப அங்கே போகிறாயா என்று. "பகல்ல போறேன், ராத்திரி வீட்டுக்கு வந்துடறேன். அப்படி எங்கயாவது இருக்கா?" என்றான். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.